பாராட்டும் வேண்டாம், டிரம்பெட்டும் வேண்டாம்

மதிப்பிற்குரிய கொக்கு அணி ஆதரவாளர் குழுத் தலைவர் குவாஹாரா அவர்களுக்கு, சலவைக் கடை செகினே தோகுஜி பணிவுடன் எழுதிக்கொண்டது.

இலைகள் சிவந்து குளிர் தொடங்கிவிட்ட இந்நாளில் தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். தாங்கள் நலம் என்பது, இன்று காலை ஐஸ் வண்டிக்காரரைத் திட்டிய சத்தத்திலேயே தெரிந்தது. எதிர் மீன்கடையில் நீங்கள் இருக்க தபால் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். எத்தனையோ வருடமாக அதுதான் நடக்கிறது. ஆகவே தபால்.

ஆண்டு இறுதி விருந்தில் எனக்குத் தரப்போவதாகச் சொல்லும் பாராட்டுப் பத்திரமும் சாக்கே மதுப் புட்டியும் எனக்கு வேண்டாம். குழுவிலிருந்தும் விலகிக்கொள்கிறேன். டிரம்பெட்டையும் மேல்சட்டையையும் இத்துடன் அனுப்புகிறேன். சட்டை துவைத்து இஸ்திரி போட்டது. கையில் இருக்கும் சோயா சாஸ் கறை மட்டும் போகவில்லை, அது தாங்கள் சிந்தியது.

காரணம் என் மகன் ஷுன்பெய். அவன் பள்ளி முடித்த வருடம், தொழில்முறை பேஸ்பால் அணிகள் ஆளெடுக்கும் நாளன்று, நம் அணி அவனை எடுத்துக்கொள்ளும் என்று கடையை அடைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். நீங்களும் விசேஷத்துக்கு வைக்கும் சிவப்பு மீன் ஒன்றை, இவ்வளவு பெரியதாக, தட்டில் ஏந்திக்கொண்டு வந்தீர்கள். நம் அணி வேறு யார் யாரையோ எடுத்தது. கடைசிச் சுற்றில் வல்லூறு அணி, நாம் பிறந்ததிலிருந்து திட்டிக்கொண்டிருக்கும் அதே வல்லூறு அணி, என் மகன் பெயரை வாசித்தது. நீங்கள் மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

அங்கே அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிடவில்லை. பாதி வருடங்கள் இரண்டாம் அணியோடு ஊர் ஊராகப் பேருந்தில் போனான். மீதி வருடங்களில் முதல் அணியில் பெஞ்சைத் தேய்த்தான். மட்டை அவன் கைக்கு அடங்கியதே இல்லை. ஆனால் ஓடுவான், பிடிப்பான், எறிவான், அதனால் எட்டாவது ஆட்டச் சுற்றில் வெளிக்களத்துக்கு அனுப்புவார்கள். நம் மைதானத்துக்கு வந்தால் நிற்பது வலது வெளிக்களத்தில், சரியாக நம் இருக்கைகளுக்கு முன்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பெற்ற பிள்ளையின் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். “ஏய் அறுபத்து நாலு, வீட்டுக்குப் போயி அப்பனோட துணி துவை” என்று அவன் சட்டை எண்ணைச் சொல்லி நம் ஆட்கள் கத்துவார்கள். தொடங்கிவைத்தது நீங்கள்தான். நானும் சிரித்தேன், குழுவில் இருப்பவன் சிரிக்காமல் என்ன செய்வது. என் வீட்டுக்காரி மினேகோ மைதான வாசல்வரை என்னோடு வருவாள், அங்கே வல்லூறு அணிச் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாள். “யாருக்கு ஊதறோம்னு தெரிஞ்சு ஊதுங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

மட்டையடிக்க வரும் ஒவ்வொருவனுக்கும் ஆதரவாளர்கள் தனித்தனியாகப் பாட்டுக் கட்டுவது நம் வழக்கம். பெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் ஒரு பொதுப் பாட்டு, எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை மாதிரி. பதினோரு வருடத்தில் வல்லூறுக் குழு என் மகனுக்கு ஒரு வரிகூடக் கட்டவில்லை. நான் ஒன்று கட்டி வைத்திருந்தேன். அவன் பள்ளியில் ஆடிய நாளிலிருந்து நான் குளியல் தொட்டியில் உட்கார்ந்து முணுமுணுத்த மெட்டு. டிரம்பெட்டில் ஒரு முறையும் வாசித்ததில்லை. எதிரணிக்கு நம் இருக்கையிலிருந்து ஊதக் கூடாதென்று நீங்களே பலகை எழுதி மாட்டியிருக்கிறீர்கள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மினேகோ சோறு போடும்போது சொன்னாள். “இந்த ஆட்டத்துல ஏதாவது செஞ்சா அடுத்த வருஷமும் வெச்சுக்குவாங்களாம். இல்லேன்னா சட்டையைக் கழட்டச் சொல்லிடுவாங்களாம்.”

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கடைசிச் சுற்று, நாம் ஒரு ஓட்டம் முன்னால், அவர்களுக்கு இரண்டு பேர் அவுட், மூன்றாம் தளத்தில் ஒருவன். மட்டையோடு வந்தது என் மகன், வேறு ஆள் மிச்சமில்லை. இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் அந்தப் பொதுப் பாட்டை ஏனோதானோ என்று ஊதிக்கொண்டிருந்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. டிரம்பெட்டை எடுத்து என் மெட்டை ஊதிவிட்டேன். மைதானமே நம் பக்கம் திரும்பியது. அவனும் திரும்பினான். பந்து நடுவில் போயிற்று. ஸ்ட்ரைக் மூன்று, அவன் அவுட், ஆட்டம் முடிந்தது.

நம் அணி கடைசி இடத்துக்குப் போகாமல் தப்பித்தது. அன்று குடிக்கடையில் என் முதுகு வீங்கும்வரை தட்டினார்கள். “பெத்த புள்ளையையே கவுத்துட்டாரே மனுஷன். இவருதான்யா உண்மையான கொக்கு” என்று நீங்கள் எழுந்து நின்று சொன்னீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தலையாட்டினேன். நீங்கள் என்னைத் திட்டியிருந்தால், குழுவை விட்டுத் துரத்தியிருந்தால், பேசாமல் இருந்திருப்பேன். பத்திரம் தருகிறேன் என்கிறீர்கள். மறுவாரமே அவனைக் கழற்றிவிட்டார்கள். மினேகோ என்னோடு பேசுவதில்லை, மிசோ சூப் கிண்ணத்தை மட்டும் சத்தமாக வைக்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது, தலைவரே. ஊதி ஊதி உதடும் போயிற்று, பிள்ளையின் பிழைப்பும் போயிற்று. பத்திரத்தில் எதை எழுதுவீர்கள்?

தங்கள் கடையில் கூட்டம் குறையாமலிருக்கட்டும். வீட்டில் எல்லோரும் இருமல் சளி இல்லாமல் குளிரைக் கடக்கட்டும். நம் அணியும் வரும் வருடமாவது மானத்தோடு ஆடட்டும்.

இப்படிக்கு,
செகினே தோகுஜி

பின்குறிப்பு: இதை எழுதி ஒட்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டது, அப்புறம் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, தபால் போகவில்லை. அதற்குள் ஷுன்பெய் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அப்பா, அன்னிக்கு ஊதினது நீங்கதானே?”

“இல்லையே.”

“பொய் சொல்லாதீங்க. மூணாவது சுரம் எப்பவும் கீழ விழுது. குளியலறையிலயும் அப்படித்தான்.”

“பந்தைப் பார்க்காம எதுக்குடா திரும்பினே?”

“பதினோரு வருஷமா எனக்குன்னு ஒருத்தரும் ஒரு பாட்டு வாசிச்சதில்லப்பா. திரும்பாம என்ன செய்வேன்?”

பிறகுதான் கூப்பிட்ட விஷயத்தைச் சொன்னான். கழற்றிவிடப்பட்டவர்களுக்கு நடத்தும் தேர்வு ஆட்டத்துக்குப் போயிருக்கிறான். நம் அணி வெளிக்களப் பயிற்சியாளர், அவன் எறிந்து நம் ஆட்களை அவுட்டாக்கியதைப் பார்த்துப் பல வருடம் பல்லைக் கடித்தவர், இனி அந்தக் கை நமக்காக எறியட்டும் என்று அவனை நம் அணிக்கு எழுதி வாங்கிக்கொண்டார். ஏப்ரலில் அவன் கொக்குச் சட்டை போடுகிறான்.

ஆகவே மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். சட்டையைப் பொட்டலத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். டிரம்பெட்டை மட்டும் வேறு யாருக்காவது கொடுங்கள். தன் பாட்டை அப்பா ஊதக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை. மெட்டைக் கற்றுத்தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள். வரும்போது அந்த மீனைக் கொண்டுவாருங்கள்.