பின்னால் உட்கார்ந்து காரணம் சொல்பவர்

எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்த ஒரு மனிதனுக்கு இந்த உலகத்தில் செய்ய என்ன வேலை மிச்சம் இருக்கும்? பெரிய பெரிய தத்துவ நூல்களைப் புரட்டியும் எனக்கு இதற்கு விடை கிடைக்கவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் எடை குமாஸ்தாவாக இருந்த துரைசாமியைப் பார்த்த பிறகு கிடைத்தது. வேலை எதுவும் இருக்காது. ஆனால் ஒரு நிமிஷம் ஓய்வும் இருக்காது.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். காபி கிளப்பில் பால் திரிந்தால் அது மாட்டின் தவறா, பாத்திரத்தின் தவறா, கிழக்கே பார்த்து வைத்த அடுப்பின் தவறா என்று விசாரித்து, கடைசியில் பால்காரனின் மைத்துனன் குடியாத்தத்தில் பெண் எடுத்ததுவரை போய், தீர்ப்புச் சொல்லி, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிறவர் இவர். பாலை முகர்ந்து பார்த்திருக்க மாட்டார். முகர்வது சின்னவர்களின் வேலை.

இவருக்கென்று ஒரு சடங்கு உண்டு. முதலில் கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். பிறகு கண்ணை மூடுவார். பிறகு, "நீ நெனைக்கிற மாதிரி இல்ல இது" என்பார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவர் கேட்டிருக்கவே மாட்டார்! அவர் சொல்லும் காரணங்களில் ஒன்றாவது சரியாக இருக்குமா என்கிறீர்களா? நிறையச் சரியாக இருக்கும், வேறு யாருடைய வீட்டுப் பாலுக்காவது.

இப்படிப்பட்டவரின் கையில் ஒரு மோட்டார் சைக்கிள் சிக்கினால் என்ன ஆகும்?

துரைசாமியின் முதலாளி, சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, தோல் கொள்முதல் பார்த்த ஹபீபிடம் கொடுத்திருந்தார். சந்தையன்று விடியற்காலையில் ஹபீப் பேரணாம்பட்டுக்குப் போக வேண்டும். உப்புப் போட்ட ஆட்டுத்தோலில் மாதிரி எடுத்துக்கொண்டு உச்சிக்குள் திரும்ப வேண்டும். முதலாளி அதைத் தடவிப் பார்த்து விலை சொல்லி அனுப்புவார். தாமதமானால் வாலாஜாபேட்டைக்காரர்கள் நல்ல தோலையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

வண்டி போகும்போது அம்பு மாதிரி போயிற்று. வரும்போது முன்சக்கரம் இடமும் வலமுமாக உதறிற்று, ஹாண்டில் கையைவிட்டுத் துள்ளிற்று. ஒரு தடவை ஹபீப் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்ததில் தோல் தாமதமாயிற்று. முதலாளி சூரியனை அண்ணாந்து பார்த்தார். "அடுத்த சந்தைக்கும் லேட்டானா வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

துரைசாமி கையை உயர்த்தினார். கண்ணை மூடினார்.

"நீ நெனைக்கிற மாதிரி இல்ல இது, ஹபீபு. போம்போது இன்னா? காலங்காத்தால குளிர். வரும்போது இன்னா? வெயிலு. இரும்பு விரியுது. கழுத்துல இருக்கிற பால்ஸு லூசாவுது."

பால்ஸை, அதாவது ஹாண்டில் கழுத்துக்குள் உருளும் இரும்புக் குண்டுகளை, மாற்றினார்கள். சோதிக்க வேண்டும் அல்லவா? துரைசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டில் என்றுமே குறை வைக்காத தம் உடம்பைப் பின் கேரியரில் ஏற்றினார். வண்டி ஷாப்பு வாசலைத் தாண்டுவதற்குள் உதறிற்று.

"பாத்தியா! இன்னிக்குக் காலையிலியே வெயில் ஜாஸ்தி!"

ஸ்போக்ஸ் கம்பியை முறுக்கினார்கள். ஏறினார். உதறிற்று. டயரை மாற்றினார்கள். ஏறினார். உதறிற்று. ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு புதிய காரணம் பிறந்தது, ஒவ்வொரு காரணத்தோடும் அவர் முகத்தில் களை கூடிற்று. நோயாளி பிழைத்துவிடுவானோ என்று பயப்படும் வைத்தியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹபீபின் மனைவி ஜஹீருன்னிசா முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அவர எறக்கி வுட்டுட்டு ஒருதபா ஓட்டிப் பாருங்களேன்?"

"பெரியவங்கள எப்டி எறங்குங்கன்னு சொல்றது?"

"அப்ப வுழுங்க."

திரும்பும்போது மட்டும் ஏன் உதறுகிறது என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றாது. திரும்பும்போது கேரியரில் இருந்தது மாதிரிக்கு எடுத்த தோல் மூட்டை, ஈர உப்போடு நல்ல கனம். தோல் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தோலின் நாற்றம் தெரிவதில்லை, பாரமும் தெரிவதில்லை. "வண்டியில் பாரம் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டிருந்தால், "இல்லீங்க, தோலுதான்" என்று ஹபீப் மனதாரச் சொல்லியிருப்பான். அதை நாள் முழுவதும் தராசில் வைத்து எடுத்த துரைசாமியும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

சந்தை நாள் வந்தது. வியாதியை அது நடக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று துரைசாமியும் கிளம்பினார். இந்தத் தடவை போகும்போதே உதறிற்று, அதற்கும் ஒரு காரணம் பிறந்தது. திரும்புகாலில் நடுவே மூட்டை, அதற்குப் பின்னால் அவர். வண்டி பேய் பிடித்தது போல் ஆடிற்று.

"ஆடுது பாரு! ஆடுது பாரு!"

"அண்ணே, கெட்டியா புடிச்சுக்குங்க, பள்ளம் வருது!"

"பள்ளத்தால இல்ல ஹபீபு. காத்து. பாலாத்துக் காத்து ஒரு பக்கமா தள்ளுது."

முன்னால், தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ஆம்பூர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதை ஒதுங்கிக் கடக்கும்போது ஹாண்டில் ஹபீபின் கையை உதறிவிட்டது. மோட்டார் சைக்கிள் வண்டிச் சக்கரத்தை நூலிழையில் தப்பி, ஓரத்து மணலில் புதைந்து நின்றது. மாடுகள் மிரண்டன. வண்டிக்காரன் இரண்டு பேருடைய வம்சத்தையும் விசாரித்தான்.

ஹபீப் மணலில் உட்கார்ந்துவிட்டான். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது.

"போச்சுண்ணே. இன்னிக்கோட வேலை போச்சு. புள்ளைங்கள வெச்சுக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

அவன் அடுத்த காரணத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை. துரைசாமி கையை உயர்த்தவில்லை, கண்ணை மூடவும் இல்லை. தாம் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்; அதன் கீழே பின்சக்கரம் மணலில் ஆழப் புதைந்திருந்தது, முன்சக்கரம் மேலோடு நின்றது. பிறகு வண்டியை ரோட்டுக்குத் தள்ளி, மூட்டையை அவிழ்த்துத் தோல்களை இரண்டு பங்காக்கி, பெட்ரோல் டாங்கியின் இருபக்கமும் தொங்கும்படி தம் மேல்துண்டால் இறுக்கிக் கட்டினார். உப்புத் தண்ணீர் ஹபீபின் முழங்காலில் வழியப் போகிறது. வழியட்டும்.

"ஏறு."

"நீங்கண்ணே?"

"நீ போ."

"வெயிலு பேஜாரா இருக்குதே..."

"போன்னு சொல்றேன் இல்ல?"

போனான். ஹாண்டில் அசையவில்லை. தோல் நேரத்துக்குச் சேர்ந்தது, முதலாளி தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஹபீபுக்கு வேலை நிலைத்தது.

நான் எளிதில் யாரையும் புகழ்பவன் அல்ல. துரைசாமியையும் இப்போது புகழப் போவதில்லை. ஆனால் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்த உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று வெகுநாளாக ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு நீங்கள் மிக நல்ல காரணங்களும் வைத்திருப்பீர்கள். அவற்றைச் சொல்லும்போது எதன் மேல் உட்கார்ந்துகொண்டு சொல்கிறீர்கள்?

ஹபீபை அனுப்பிவிட்டுத் துரைசாமி ரோட்டில் நின்றார். மிரண்ட மாடுகளை ஒருவழியாக அடக்கிய பட்டை வண்டிக்காரன் கோபம் ஆறி, "ஆம்பூருக்குத்தான் போறேன் சாமி, பின்னால ஏறி குந்திக்கோ" என்று கூப்பிட்டான். துரைசாமி வண்டியைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வெயிலில் நடக்க ஆரம்பித்தார். ஏன் ஏறவில்லை என்று காபி கிளப்பில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அவர் சொல்லவில்லை.