எட்டுக் கோழியும் ஒரு தூக்கும்

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த தூக்கு திரும்பி வந்துவிட்டது. மூடியைத் திறந்த கலையரசிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. உள்ளே ஆறு முட்டைகள். வெள்ளை வெளேரென்று, ஒரு பொட்டு அழுக்கில்லாமல்.

"முட்டையைக்கூட கழுவி அனுப்புறா பாரு. பவிசு!" என்றாள்.

தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்திருந்த கணவன் தர்மன் தலையைத் தூக்கவில்லை. "குடுத்தா வாங்கி ஆம்லெட் போடுவியா, அதை வுட்டுட்டு..."

"உங்களுக்கு இன்னா தெரியும்? தின்னத்தான் தெரியும்."

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவைப் பொறுத்தவரை கைராசி என்றால் கலையரசிதான். அவள் ஊன்றினால் காய்ந்த குச்சியும் தளிர்க்கும் என்பார்கள். கொல்லையில் நாலே பாத்திதான், ஆனால் கத்திரி கொத்துக் கொத்தாய்த் தொங்கும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதல் விதையை அவள் கையால்தான் வாங்கிப் போவார்கள். பதினைந்து வருஷத்துப் பெயர் அது.

ஆடி மாதம் வந்தது வினை. பக்கத்து வீட்டு ஜுபைதா, வாலாஜாபாத் பக்கம் ஒரு பண்ணையில் கறிக்குப் போகவிருந்த ஆறு கிழட்டுக் கோழிகளைப் பாவம் பார்த்துக் கொண்டுவந்தாள். பாதி இறகு கொட்டி, கழுத்து சிவந்து, பார்க்கச் சகிக்காது. 'ஐயோ பாவம், இதுங்களுக்குத் தீனி போட்டே இவ ஓய்ஞ்சிடுவா' என்று கலையரசிதான் முதலில் ஒரு தூக்கு நிறையக் கத்திரிக்காய் கொடுத்தனுப்பினாள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. அதே தூக்கில் ஆறு முட்டை வந்தது. வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க ரோஷம் விடுமா? மறுபடி கத்திரிக்காய் போனது. மறுபடி முட்டை வந்தது.

தெருவுக்குச் சொல்ல வேண்டுமா? கோடி வீட்டு மணியம்மாள் கலையரசியின் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். "கழிச்சுப் போட்ட கோழியையே முட்டை போட வெச்சுட்டாளே! ராசின்னா அது ஜுபைதா ராசிம்மா."

அன்றைக்குக் கலையரசிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே தர்மனைக் கிளப்பி, வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அதே பண்ணைக்குப் போய் இறங்கினாள்.

"முட்டை நின்னுபோச்சுன்னுதாம்மா கழிக்கிறோம். அப்புறம் வந்து கேக்கக் கூடாது," என்றார் பண்ணைக்காரர்.

"அவ கைக்குப் போடும், என் கைக்குப் போடாதா? ஆறு இல்ல, எட்டா புடிங்க!"

எட்டும் வந்தன. பத்து நாள் போனது. முட்டைதான் வரவில்லை.

மதில்மேல் எட்டிப் பார்த்தாள். ஜுபைதாவின் கோழிகள் இஷ்டத்துக்குத் திரிந்துகொண்டிருந்தன. அட, இதுதானா சூட்சுமம்! உடனே கூண்டைத் திறந்துவிட்டாள். எட்டும் நேராகக் கத்திரிப் பாத்திக்கு நடந்தன. அவள் உள்ளே போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் பூ, பிஞ்சு, இலை எல்லாம் காலி. செடிகளின் அடியில் குழி பறித்துப் புழுதிக் குளியல் வேறு.

பாத்தியைச் சுற்றி வலை கட்டினாள். இரண்டு கோழிகள் அதில் மாட்டிக்கொண்டு, வலையோடு ஓடி, மிச்சமிருந்த செடிகளையும் வேரோடு பிடுங்கிப் போயின. சரி, தறிச் சத்தம் கேட்டால் மனசு அமைதியாகி முட்டை போடும் என்று அவளாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து, எட்டையும் தறி இருக்கும் அறையில் விட்டாள்.

"அடியே கலை!"

தர்மன் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டது. தறியில் ஓடிக்கொண்டிருந்த அரக்குக் கல்யாணப் புடவையின் நட்டநடுவில் ஒரு கோழி தன் வேலையைக் காட்டியிருந்தது.

"பொண்ணு வூட்டுக்காரங்க பார்டர்ல அன்னப்பட்சி கேட்டாங்க. உடம்புல கோழி எச்சம் எவன் கேட்டான்?"

"கொஞ்சம் பொறுங்க. ராசி திரும்பட்டும்."

"உன் ராசிக்கு என் தறிதான் கெடைச்சுதா? இன்னா பண்றாங்கன்னு அந்தம்மா கிட்டயே போய் கேளேன்!"

"செத்தாலும் கேக்க மாட்டேன்!"

கேட்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் தூக்கு வந்து நின்றதே! தோட்டம் மொட்டை என்று ஜுபைதாவுக்குத் தெரிந்தால் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியுமா? மதிலோரம் கொடி கட்டிப் பழைய புடவைகளைக் காயப்போட்டு மறைத்தாள். முக்காடு போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கினாள். இப்போதுதான் பறித்தது போலிருக்கட்டும் என்று காம்பில் துளி ஈரமண்ணைத் தடவித் தூக்கில் போட்டு அனுப்பினாள். இப்படி மூன்று வாரம்.

நாலாவது வாரம் மணியம்மாள் வந்து நெளிந்தாள். "கோவிச்சுக்காத கலை. எம் பொண்ணு தோட்டம் போடறா. இந்தத் தடவ விதைய ஜுபைதா கையால வாங்கிக்கறோம்மா."

கலையரசி சிரித்த முகமாக அவளை அனுப்பிவிட்டு, சமையலறைக்குள் போய் உட்கார்ந்து அழுதாள். பொறாமைதான், இல்லையென்று யார் சொன்னது? இனி ரோஷமாவது மண்ணாவது. முகத்தைக் கழுவிக்கொண்டு, மார்க்கெட் கத்திரிக்காய் நிரம்பிய தூக்கைத் தானே எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜுபைதாவின் மகள் சாய்மா திறந்தாள். "அம்மா கடைக்குப் போயிருக்காங்க ஆன்ட்டி."

"உன்னையே கேக்கறேன் கண்ணு, மறைக்காம சொல்லு. உங்க கோழிங்களுக்கு இன்னாதான் போடறீங்க? என்கிட்ட எட்டு இருக்குது. ஒண்ணாச்சும் போடணுமே!"

சாய்மா தூக்கின் மூடியைத் திறந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மறுபடியும் கத்திரிக்காயா? உங்களுக்கின்னா ஆன்ட்டி, தோட்டத்துல காய்க்குது, பறிச்சு அனுப்பறீங்க. எங்க கோழிங்க வந்த நாள்லேர்ந்து ஒரு முட்டைகூட போட்டதில்ல, உங்க தூக்கை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு எங்கம்மா வாரா வாரம் கடையில முட்டை வாங்கிக்கினு இருக்காங்க!"