அந்தக் கட்டில்ல யாருமே இல்ல

நான் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே கணவரிடம் இதை ஒப்புக்கொண்டு, படத்தை மட்டும் பார்த்துவிட வேண்டாம் என்று கெஞ்சியிருந்தேன். (பார்த்துட்டார். கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே.)

அப்போது போர்ட் பிளேரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு படக்குழு, மேட்டில் பூட்டிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. படம் சைக்கலாஜிக்கல் த்ரில்லர். விடுதிப் பள்ளியில் படிக்கும் நாயகியின் அறைத்தோழி ஒருநாள் காணாமல் போகிறாள். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று மொத்தப் பள்ளியும் சாதிக்கிறது. பைத்தியம் நாயகிக்கா, பள்ளிக்கா என்பதுதான் கதை.

சீருடையில் நிற்க இருபது பெண்கள் வேண்டுமென்றார்கள். எங்கள் ஹாஸ்டலே கிளம்பிப் போனது. தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், எனக்கு மட்டும் ஒரு வசனம் கிடைத்தது: "அந்தக் கட்டில்ல யாருமே இல்ல மேடம்."

அன்றே வேறொரு தீவில், ஹட் பேயில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டு, "முக்கியமான வேஷம்ப்பா" என்றேன். பாமாயில் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். அடுத்த கப்பலிலேயே வந்து இறங்கிவிட்டார், வெள்ளைச் சட்டையும் அம்மா சுட்ட ஒரு டின் முறுக்குமாக.

முதல் டேக்கில் நான் தெளிவாகச் சொன்னேன்: "அந்தக் கட்டில்ல கோயி இல்ல மேடம்."

இயக்குநர் எழுந்துவிட்டார். "கோயியா? யாரும்மா அது, புது கேரக்டரா?"

(யாருமே இல்லைன்னுதான் சொன்னேன். பாதி இந்தியில வந்துடுச்சு. எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான் பேசுவோம்.)

இரண்டாவது டேக்கில் கேமராவையே முறைத்தேன். மூன்றாவதிலிருந்து சிரிப்பு. பயந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எட்டு டேக் போயிற்று. இயக்குநர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, நாளைக்கு எங்களுக்கு ஃபிளைட். கொஞ்சம் தயவு பண்ணு."

ஒன்பதாவது டேக்கில் வசனம் பிசகில்லாமல் வந்தது. அடுத்து நாயகி என் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும். முதல் எட்டு டேக்கும் அதுவரை போகவே இல்லை. உலுக்குவாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

"பொய்! நீ பொய் சொல்ற!" என்று அலறிக்கொண்டு அவள் உலுக்கினாள். நல்ல நடிகை, என் பல்லெல்லாம் ஆடியது.

விளக்கு ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வெள்ளைச் சட்டை பாய்ந்து வந்தது. "ஏம்மா, பிள்ளைய விடு! என் மக ஜூட் பேச மாட்டா!" (ஜூட்னா பொய். அதுவும் இந்திதான்.)

விளக்கு விழுந்து நொறுங்கியது.

"அப்பா, இது நடிப்புப்பா."

"நடிப்புன்னா அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுது?"

அவள் கன்னத்தில் மை வழிந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு மெல்ல விஷயம் புரிந்தது. டின்னைத் திறந்து நீட்டினார். "மன்னிச்சுக்க தாயி. சாப்பிடு." அவள் விசும்பிக்கொண்டே ஒரு முறுக்கைக் கடித்தாள். இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வேறு விளக்கு இல்லை. அத்தோடு என் நடிப்பு முடிந்தது.

ஆட்டோவில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கடலைப் பார்த்தபடி அப்பாதான் சொன்னார், "முக்கியமான வேஷத்த அப்பா கெடுத்துட்டேன்ல?"

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. "இல்லப்பா. மொத்தமே அஞ்சு சொல்லுதான்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப என் மக ஜூட் பேசிருக்கா!" என்று ஆட்டோ குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

படம் வந்தது. அதில் இருப்பது என் பின்னந்தலை மட்டும். குரலும் வேறு யாருடையதோ. ஆனால் அந்த ஒன்பதாவது டேக்கை இயக்குநர் விடவில்லை. காலரைப் பிடித்தபடியே நாயகி சட்டென்று திரும்பி, எதையோ கண்டு வெளிறிப் போகிறாள். காணாமல் போன தோழியின் ஆவியைப் பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் நினைக்கிறது.

அப்பா இப்போது போர்ட் பிளேரிலேயே, குட்வில் எஸ்டேட்டில் எங்களோடு இருக்கிறார். விருந்தாளி வந்தால் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "இந்தப் பொண்ணு பாக்குறது என்னையத்தான்" என்பார்.

என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் அவரிடம் மூச்சுவிட மாட்டோம். எப்படியோ தெரிந்துகொண்டு, காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருப்பார்.