கேளாத காதுக்கு ஒரு காப்பீடு

"சார், உங்க மாமியார் என்னைக் கன்னாபின்னான்னு திட்டிட்டுப் போனை வச்சிட்டாங்க."

காப்பீட்டுக் கம்பெனிப் பெண் இப்படிச் சொன்னபோது மூத்த மாப்பிள்ளை குடிநீர் வாரியத்தின் புகார்க் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒருவர் கலங்கல் தண்ணீர் பாட்டிலை அவர் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னம்மா கேட்டே அவங்ககிட்ட?"

"நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் சரிபார்த்தேன் சார். 'உங்களுக்கு எந்த நோயும் இல்ல, பூரண ஆரோக்கியமா இருக்கீங்க, சரிதானே?'ன்னேன். 'யாருடி அப்படிச் சொன்னது, நாக்கை அடக்கிப் பேசு'ன்னாங்க."

பாட்டில்காரரைவிட மூத்த மாப்பிள்ளைக்குத்தான் இப்போது புகார் கொடுக்க ஆள் தேவைப்பட்டது.

"அப்புறம் இன்னொண்ணு சார். உங்க மனைவியோட நம்பர் கிடைக்கவே மாட்டேங்குது. அந்த நம்பர்..."

"சிக்னல் இருக்காதும்மா. அவ காதுலேர்ந்து போனை எடுத்து நான் பார்த்ததே இல்ல. அவளுக்கு ஒரு வியாதியும் இல்ல, நான் கேரண்டி."

அந்த நம்பருக்கு அவர் போன் செய்து பார்த்ததே கிடையாது. ஆபீஸிலிருந்து மனைவிக்குப் போன் போட்டால், வரும்போது எதையாவது வாங்கிவரச் சொல்லிவிடுவாள் என்கிற முன்ஜாக்கிரதைதான்.

விஷயம் இதுதான். குடும்பமாகப் பனிமலை பார்க்க வெளிநாட்டுச் சுற்றுலா. மூத்த மாப்பிள்ளை, மனைவி, மகள்; மச்சினி, அவள் புருஷன், அவர்களுடைய இரண்டு வாண்டுகள்; மாமியார்; மாமியாரின் தம்பியும் அவர் மனைவியும். ஆக மொத்தம் பத்துப் பேர். பயணக் காப்பீடு இல்லாதவரை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று டூர் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. குழுக் காப்பீடு வேண்டுமானால் பத்துப் பேருக்குக் குறையக் கூடாது என்று காப்பீட்டுக் கம்பெனி சொல்லிவிட்டது. ஒருவர் முரண்டு பிடித்தாலும் மொத்தமும் அம்பேல்.

அதனால்தான் அவர் யாரையும் தொந்தரவு செய்யாமல், பத்துப் பேருக்கும் 'நோய் இல்லை' என்று தானே எழுதிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் அதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது.

மாமியாருக்கு நெஞ்சுப் படபடப்பு. யாராவது எதிர்த்துப் பேசினால் அது வரும். ரிமோட்டை வேறு யாராவது எடுத்தாலும் வரும். இளைய மாப்பிள்ளைக்கு முதுகுவலி. செய்தித்தாளுக்கு மேல் கனமான எதையும் அவர் தூக்கி யாரும் பார்த்ததில்லை. மச்சினிக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. விளக்குமாற்றைப் படத்தில் பார்த்தாலே தும்முவாள். ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வியாதியை வைத்துக்கொண்டு சௌக்கியமாக வாழ்ந்து வந்தார்கள்.

மூத்த மாப்பிள்ளை மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. அவருக்கு இடது காது கேட்காது.

கேட்காது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜலதோஷத்தில் அந்தக் காது அடைத்துக்கொண்டது நிஜம். ஒரு வாரத்தில் திறந்துகொண்டது. ஆனால் அந்த ஒரு வாரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது! பகலெல்லாம் ஊர்ப் புகாரைக் கேட்கிற மனிதனுக்கு, வீட்டில் ஒரு காதாவது விடுமுறையில் இருக்க வேண்டாமா? திறந்த காதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. மனைவி அவருடைய இடது பக்கம் உட்கார்ந்துகொண்டுதான் தங்கையோடு போனில் மனம் விட்டுப் பேசுவாள். "சமையல்கட்டுச் சுவரைப் பார்த்தாலே அழுகை வருதுடி. இவர்கிட்ட சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாரு" என்பாள். அடுத்த வாரமே மூத்த மாப்பிள்ளை ஆளைக் கூட்டிவந்து சுண்ணாம்பு அடித்துவிடுவார். தையல் மிஷின் அப்படித்தான் வந்தது. மகளுக்கு சைக்கிளும் அப்படித்தான் வந்தது. "எப்படிங்க என் மனசுல இருக்கறதைக் கரெக்டா கண்டுபிடிக்கிறீங்க?" என்று மனைவி வியக்கும்போது அவர் மேல்நோக்கிப் பார்த்து ஒரு ஞானியைப் போலச் சிரிப்பார்.

"பனி கொட்டறதை ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துடணும்டி. குடும்பமே சேர்ந்து போனா எவ்ளோ நல்லா இருக்கும்! ஹூம், நமக்கு எங்கே!" என்று அவள் பெருமூச்சு விட்டதும் அதே இடது காதில்தான் விழுந்தது. அந்தப் பெருமூச்சு அவரை என்னவோ செய்துவிட்டது. மறுநாளே டூர் கம்பெனி வாசலில் நின்றார்.

இப்போது மனைவி சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கி, பழகிக்கொள்ள வேண்டும் என்று அடுப்படியிலேயே அதைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிய வேலை செய்கிறாள். இந்தப் பயணம் நடக்காவிட்டால் அந்த ஸ்வெட்டரை எப்படி நிமிர்ந்து பார்ப்பது? அதுதான் அவருடைய பயம்.

அன்று சாயங்காலமே மாமியார் வீட்டுக்கு ஓடினார். மச்சினியும் அவள் புருஷனும் அங்கேதான் இருந்தார்கள்.

"என் நெஞ்சு படற பாட்டை ஊர் சொல்லும். எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே மாப்பிள்ளை, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்புதான் அத்தை. எல்லார் வியாதியையும் ஒண்ணு விடாம எழுதிடறேன். சொல்லுங்க."

சொன்னார்கள். போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

"அண்ணே, வெறும் முதுகுன்னு போடாதீங்க. தண்டுவடம்னு போடுங்க, அதுலதான் ஒரு கெத்து இருக்கு" என்றார் இளைய மாப்பிள்ளை.

"அவருக்குத் தண்டுவடம்னா எனக்கு மூச்சுக்குழாய்னு போடுங்க அத்தான்" என்றாள் மச்சினி.

"என் நெஞ்சுக்கு ஒரே வரிதானா?" என்று எட்டிப் பார்த்தார் மாமியார். கூடவே கிறுகிறுப்பையும் சேர்த்துக்கொண்டார். முடிக்கிற நேரத்தில், "பாவம், உங்களுக்கு இடது காது கேக்காதே மாப்பிள்ளை, அதை விட்டுட்டீங்களே!" என்று அக்கறையாக எடுத்துக் கொடுத்தார். மூத்த மாப்பிள்ளைக்குப் பேனா கனத்தது. வேறு வழியில்லை, எழுதினார்.

மறுநாள் காப்பீட்டுப் பெண்ணின் குரலே மாறிப்போயிருந்தது.

"சார், இவங்க டூர் போறாங்களா, ஆஸ்பத்திரியில படுக்கப் போறாங்களான்னு எங்க மேலதிகாரி கேக்குறாரு. நேத்து வரைக்கும் யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒரே ராத்திரியில என்ன சார் ஆச்சு உங்க வீட்டுல? ஏதாவது கொள்ளை நோயா?"

"அதெல்லாம் சும்மா லேசா..."

"தண்டுவடம் லேசா சார்? எங்க டாக்டர் பரிசோதனை பண்ணிக் கையெழுத்துப் போட்டாத்தான் பாலிசி. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கே கல்யாண வீடு மாதிரி இருந்தது. டாக்டர் ஒல்லியானவர், அவசரக்காரர். கதவைச் சாத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை. உள்ளே சொன்னது வெளியே கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

"அம்மா, உங்க இதயம் இருபது வயசுப் பொண்ணுக்கு இருக்கற மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"நல்லாப் பாருங்க டாக்டர்!"

"மூணு தடவை பார்த்துட்டேன்மா."

மாமியார் இடிந்துபோய் வெளியே வந்தார். இத்தனை வருஷமாக அவர் கையில் இருந்த ரிமோட்டை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அடுத்து இளைய மாப்பிள்ளை. கதவோரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, 'அம்மா' என்று முனகியபடி உள்ளே போனார். அதற்குள் அவருடைய சின்ன வாண்டு டாக்டரின் எடை பார்க்கும் மிஷினைத் தள்ளிவிட்டது. பதறிப்போன அவர் பாய்ந்து குனிந்து, மிஷினை ஒரே கையால் தூக்கி மேஜை மேல் வைத்தார். வைத்த பிறகுதான் தன் முதுகு அவருக்கு ஞாபகம் வந்தது.

"அருமை. வேற பரிசோதனையே வேண்டாம்" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"ஏங்க, அந்த அலமாரியைத் தள்ளி வைங்கன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேனே!" என்று மச்சினி ஆரம்பித்தாள். அவளாலும் அதிக நேரம் தொடர முடியவில்லை. கிளினிக் அலமாரியின் மேல்தட்டுத் தூசியெல்லாம் விசிறிக் காற்றில் அவள் மேலேயே கொட்டிக்கொண்டிருந்ததையும், அவள் ஒரு தும்மல்கூடப் போடவில்லை என்பதையும் புருஷன் சுட்டிக்காட்டினார்.

"நான் எந்த டூருக்கும் வரலை" என்று மாமியார் எழுந்துவிட்டார். "இப்படி அவமானப்பட்டுட்டுப் பனியைப் பாத்து என்ன ஆகப்போகுது?"

"நானும் வரலைண்ணே" என்றார் இளைய மாப்பிள்ளை. ஆரோக்கியமானவர் என்று தெரிந்துவிட்டதால் பத்துப் பேருடைய பெட்டியையும் தன் தலையில் கட்டிவிடுவார்களே என்ற கவலை அவருக்கு.

மூத்த மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். மூலையில், சிவப்பு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள். அதன் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அவர் மாமியாரின் பின்னால் ஓடினார்.

"அத்தை, டாக்டர் சொன்னதை நீங்க சரியாப் புரிஞ்சுக்கலை" என்று புகார்க் கவுண்ட்டர் குரலில் தொடங்கினார். "உங்க வயசுல இருபது வயசு இதயம் கோடியில ஒருத்தருக்குத்தான் இருக்குமாம். அது ரொம்ப அபூர்வம். நாங்கதான் அதை முன்னைவிடப் பத்திரமாப் பாத்துக்கணும்."

மாமியார் நின்றார். "அபூர்வமா?"

"கோடியில ஒண்ணு."

"அதான் அப்பப்போ படபடன்னு வந்திருக்கு" என்று சமாதானமாகி உட்கார்ந்தார். மூத்த மாப்பிள்ளை இளைய மாப்பிள்ளையிடம், பெட்டிகளை விமான நிலையத்தில் தள்ளுவண்டி தூக்கும் என்று சத்தியம் செய்தார். மச்சினியிடம், பனியில் தூசியே கிடையாது என்றார். எல்லாம் ஒருவழியாக அடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

"கடைசியா நீங்க. இடது காது" என்றார் டாக்டர்.

காப்பீட்டுப் பெண் ஃபைலைப் புரட்டினாள். "சார், குழுத் தலைவர் நீங்கதானே? தலைவருக்குக் காது கேக்கலைன்னா பாலிசி குடுக்க மாட்டாங்க. விமானத்துல அறிவிப்பு வந்தா யார் கேட்டு எல்லாருக்கும் சொல்றது?"

"வேற யாராவது தலைவரா இருக்கட்டுமே?"

கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வலது காதில் பஞ்சை அடைத்து, உள்ளங்கையால் அழுத்தி மூடினார். "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க" என்று இடது பக்கம் குனிந்தார்.

கதவு திறந்தே இருந்தது. குடும்பமே பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் காது தப்பிக்கும், பயணம் போய்விடும். வாயைத் திறந்தால் பயணம் உண்டு; அப்புறம் வாழ்நாள் முழுவதும் இரண்டு காதாலும் கேட்க வேண்டும். மனைவியின் விரல் இன்னும் அந்தப் பொத்தானில்தான் இருந்தது.

"குளிர்காலம்" என்று டாக்டர் முணுமுணுத்தார்.

"குளிர்காலம்!" என்று மூத்த மாப்பிள்ளை கிளினிக் அதிரக் கத்தினார்.

"பேஷ். பாம்புக் காது சார் உங்களுக்கு."

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்போ, உங்க இடது பக்கம் உக்காந்து நான் பேசினதெல்லாம்...?"

"கேட்டுச்சு அத்தை."

"எல்லாமா?"

"கஞ்சப் பிசினாரின்னு சொன்னது வரைக்கும்."

மாமியார் அபூர்வ இதயத்தைப் பிடித்துக்கொண்டார்.

மூத்த மாப்பிள்ளை மனைவியின் எதிரே போய் நின்றார். அவள் தலை நிமிரவில்லை. அழுகிறாள் என்று நினைத்தார். தோள் வேறு குலுங்கியது.

"மன்னிச்சுடும்மா. ஏமாத்தினது தப்புதான். ஆனா அந்தக் காது இல்லைன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதே! தையல் மிஷின், சைக்கிள், இந்தப் பனி, எல்லாம் நீ உன் தங்கச்சிகிட்டப் போன்ல சொல்லிக்கிட்டிருந்தது என் காதுல விழுந்ததாலதானே!"

"எங்கிட்டயா?" என்றாள் மச்சினி. "பனியைப் பத்தி அக்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே அத்தான்!"

காப்பீட்டுப் பெண் ஃபைலை மூடினாள்.

"அதைத்தான் சார் அன்னிக்கே சொல்ல வந்தேன். மேடம் நம்பர் கட்டாகி ரெண்டு வருஷம் ஆச்சு."