கண்ணூறு பட்ட கொம்பியூட்டர்

பாலாவிச் சந்தி முதல் தில்லையடி வரை ஒரே கதை: மீரா முகைதீன் பாவா ஊதினால் செத்த கொம்பியூட்டரும் எழும்புமாம். காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல மடிக்கணினியைத் துவாயில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, த்ரீவீலரில் வந்து இறங்கியது சனம்.

பாவா மென்பொருளும் விற்றார். அதன் பெயர் 'நம்ம மண்'. வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு நாம் அடிமையாக இருக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. தனக்கு அடிமையாக இருப்பதில் அவருக்கு மறுப்பில்லை.

கரைத்தீவில் கருவாடு காயவைக்கிற வாடியின் பெண்கள் சங்கத் தலைவி கமறியாவும் அதை வாங்கிப் போட்டாள். மூட்டையைத் தராசில் வைத்தால் நிறை கொம்பியூட்டரில் ஏறும், சிட்டை அச்சாகும். சிட்டை இருந்தால்தான் கொழும்பு லொறி சரக்கை ஏற்றும்.

ஆனால் மாதம் பிறந்தால் திரை சிவந்து பூட்டிக்கொள்ளும். பாவா வருவார். பச்சைத் துணியால் திரையை மூடி, அதற்குள் தலையை நுழைத்து ஓதுவார். சாம்பிராணிப் புகை நெத்தலி வாடையோடு போராடித் தோற்கும். இடையில் விசைப்பலகை தட்டும் சத்தமும் கேட்கும். அவர் விரட்ட வந்த ஜின் தட்டெழுத்துப் படித்திருக்கும் போல. துணியை எடுத்தால் திரை திறந்திருக்கும், பாவாவின் மடியில் காணிக்கை ஏறியிருக்கும்.

"கண்ணூறு," என்பார் பாவா. "உங்களுக்குள்ளயே ஒரு கண் இருக்கு மகள். கேள்வி கேக்கிற கண்."

சங்கத்தில் கேள்வி கேட்டவள் ஒருத்திதான்: நஸ்லியா, கமறியாவின் கணவனுடைய தங்கை. "இதுக்குள்ள என்ன இருக்கெண்டு திறந்து காட்டச் சொல்லுங்க மதினி, இல்லாட்டி தில்லையடிப் பொடியன்மார் எழுதினதப் போடுவம்," என்று கூட்டத்திலேயே கேட்டிருந்தாள். அகதி முகாமில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் இருவரும். அவளைத்தான் கமறியா வாடிக்கு வர வேண்டாம் என்றாள். சொன்ன நாளிலிருந்து கமறியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதமும் திரை பூட்டியது. நஸ்லியா அங்கே இல்லையே என்றார்கள் சங்கத்துப் பெண்கள். பாவாவிடம் அதற்கும் விடை இருந்தது. "தூரத்துக் கண்ணுக்கு வலு கூட."

அவர் ஓதித் திறந்து முடித்த நேரம், நஸ்லியா உள்ளே வந்தாள். கைலேஞ்சியால் தன் கண்களை இறுகக் கட்டிக்கொண்டு, கொம்பியூட்டருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"மதினி, மூலையில திகதி இருக்கும். அதை அடுத்த மாசத்துக்கு மாத்துங்க."

"தொடாதீங்க மகள், ஓதின சாமான்," என்றார் பாவா.

கமறியாவின் கை நின்றது. நஸ்லியாவின் தலைக்குப் பின்னால் இருந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு திகதியை மாற்றினாள். திரை சிவந்தது.

"என்ன நடந்த?"

"பூட்டிட்டு."

"இப்ப இன்டைய திகதியப் போடுங்க."

திரை திறந்துகொண்டது.

வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள் சங்கத்தில் மூத்தவளான றுக்கியா. "அப்ப கண்ணூறு கலண்டர் பாத்துத்தான் வருதா பாவா?"

"ஜின்னுக்கும் தவணை இருக்கு."

"நல்லம்," என்று கமறியா மறுபடியும் திகதியை முன்னே தள்ளிப் பூட்டினாள். "தவணைக்காரன் வந்திட்டான். துணியில்லாம, கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு ஓதுங்க. நாங்களும் பாக்கிறம்."

பாவா ஓதினார். ஊதினார். இன்னும் பலமாக ஊதினார். திரையில் இருந்த தூசி போனது, சிவப்புப் போகவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் செருப்பைத் தேடினார். மதிய லுஹருக்கே அப்போதுதான் பாங்கு சொல்லியிருந்தது.

கமறியா எழுந்து போய் அந்த முடிச்சை அவிழ்த்தாள். இறுக்கிக் கட்டியதில் நஸ்லியாவின் நெற்றியில் கோடு விழுந்திருந்தது. அதைப் பெருவிரலால் தேய்த்துவிட்டாள்.

"அந்தப் பொடியன்மார் எழுதினத கொண்டுவந்தியா?"

"ஓம் மதினி. பையில இருக்கு."

தில்லையடிப் பொடியன்மார் எழுதிய நிறைக் கணக்கு மென்பொருள் அது. தமிழில் பேசும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்த வாடிக்கும் கொடுக்கலாம். திறந்து கிடக்கிற வீட்டுக்குள்தான் ஜின் நுழையும் என்று பாவா பயமுறுத்தி வைத்திருந்தது இதைப் பற்றித்தான். அன்றைக்கே ஏற்றினார்கள். லொறி சிட்டையோடு போனது.

அடுத்த மாதம் பிறந்தது. திரை சிவக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒருத்தி கொம்பியூட்டரில் கட்டத் தேசிக்காய் கொண்டுவந்தாள். கமறியா அதை வாங்கிப் பிழிந்து, சீனி போட்டு, நஸ்லியாவுக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

பாவா இப்போது வேறோர் ஊரில் போனுக்கு ஊதுகிறாராம். அங்கேயும் நல்ல கூட்டமாம்.

என் கண்ணுகளே, உங்கள் முன்னால் ஒன்று பூட்டிக்கொண்டால் யார் கண் பட்டது என்று தேடாதீர்கள். சாவி யார் மடியில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தலையை யாரும் பூட்டி வைக்கவில்லை. அதைத் திறக்க ஊதவும் வேண்டாம்.