குடிநீர் அலுவலகத்தில் கலை வளர்ந்த கதை

அன்றாட வாழ்வில் படைப்பாற்றலை வளர்ப்பது ஒவ்வொரு ஊழியரின் தலையாய கடமை என்று மேலிடம் முடிவெடுத்தது. எங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகம் அதைச் சிரமேற்கொண்டது. தண்ணீர் விடுவதை எந்த மடையனும் செய்வான், கலை வளர்ப்பது அப்படியா? ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கணக்கருக்கு இசை, காசாளருக்குக் களிமண் சிற்பம், குழாய் ரிப்பேர்க்காரருக்கு ஓவியம்.

எங்கள் தெரு வால்வை ஏதோ பழுதுக்காக மூடியிருந்த ரிப்பேர்க்காரர், திறக்காமலேயே பெயிண்ட் வாங்கப் போய்விட்டார். தண்ணீர் நின்றது.

முதல் அடி என் அக்காவுக்கு. எங்களுடையது சலவைக்கடை. அவள் துவைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். லாட்ஜ் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. நாளைக்குள் வராவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்வதாக லாட்ஜ் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"தண்ணி வரலை சார்."

கணக்கர் முகம் சுளித்தார். "என்னம்மா இது, மொட்டையா? ராகம் போட்டுச் சொல்லுங்க."

"என்னது?"

"என் பிரிவு இசை. ராகமில்லாத புகாரைக் காதுல வாங்கினா எனக்கு மெமோ வந்துடும்."

அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் அவர் பரம்பரையையே இழுத்து வைத்து மூச்சு விடாமல் திட்டினாள். கணக்கர் கண்ணை மூடி மேசையில் தாளம் போட்டார். "பிரமாதம்! அந்தக் கடைசி வரி மட்டும் இன்னொரு தரம்!"

புகார் ஏற்கப்பட்டது. அன்று மத்தியானமே ரிப்பேர்க்காரர் தூரிகையோடு வந்து, எங்கள் குழாயில் தண்ணீர் கொட்டுவதாகச் சுவரில் வரைந்தார். சும்மா சொல்லக்கூடாது, துளி தெறிப்பதுகூடத் தெரிந்தது.

"ஸ்பேனர் எங்கே அண்ணே?"

"அதெல்லாம் பழைய சிந்தனை தம்பி."

வேறு வழி? அக்கா விரிப்புகளை வெயிலில் போட்டு, பிரம்பால் விளாசி, ரோஜா பவுடர் தூவினாள். நான் சுடச்சுட இஸ்திரி போட்டேன். லாட்ஜ் மேனேஜர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஒழுங்கா துவைச்சிருக்கீங்க" என்றார். எதிர்வீட்டு மாமா பழைய செய்தித்தாளால் குளிக்கக் கற்றுக்கொண்டார். மாடிவீட்டு டீச்சர் ரொட்டியையே தட்டாக்கி, சாப்பாட்டோடு தட்டையும் தின்னும்படி வீட்டாரைப் பழக்கினார். குடிக்க மட்டும் பக்கத்துத் தெருவில் வாங்கிக்கொண்டோம்.

ஆய்வுக்கு வந்த படைப்பாற்றல் அதிகாரி எங்களைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"பக்கத்துத் தெருவுல எப்படிய்யா?"

"அங்க தண்ணி வருது சார்" என்றார் கணக்கர். "துவைக்கிறாங்க, குளிக்கிறாங்க. அதோட சரி."

"பாவம்." அதிகாரிக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "அவங்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்."

அன்று மாலையே அங்கேயும் நிறுத்தினார்கள். குடிக்கிற தண்ணீருக்கு ஊர்க்கோடி வரை நடந்தோம்.

எங்கள் தெருவுக்கு முதல் பரிசு. அக்கா நீரில்லா வாழ்வியல் பயிற்றுநரானாள், சம்பளத்தோடு. மாமா மேடையேறிச் செய்தித்தாள் குளியல் செய்து காட்டினார், ஏகப்பட்ட கைதட்டல். உதவிப் பயிற்றுநர் என்று எனக்கும் ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். பெருமை தாங்காமல் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கினேன்.

நேற்று ரிப்பேர்க்காரர் தயங்கித் தயங்கி வந்தார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

"மனசு கேக்கலை தம்பி. ஒரு திருகுதான், திறந்துடறேன். ஆபீஸ்ல சொல்லிடாதீங்க."

வால்வு முனகியது. குழாயில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

அக்கா பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "என்ன காரியம் பண்றீங்க? நாங்க நாலு பேர் முன்னேறுறது பொறுக்கலையா?"

தெருவே கூடிவிட்டது. மாமா செய்தித்தாளைச் சுருட்டி ஓங்கினார். "கலையோட அருமை தெரியாத ஜென்மம்!"

விட்டால் போதும் என்று ரிப்பேர்க்காரர் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினார். அதை எடுத்து வால்வை இறுக்கி மூடியவன் நான்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஒரு சொட்டைக் குடித்திருக்கலாமே என்று தொண்டை வறண்ட பிறகுதான் தோன்றியது.