ஆறு பெட்டிப் படம்

எனக்குக் கலைத் தாகம் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அதுவும் ஆபீஸ் நேரத்தில் வந்து தொலைத்தது.

எண்பதுகளின் நடுவில், ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம் பர்மனென்ட். பள்ளி ஆசிரியரான அப்பாவிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தேன். பர்மனென்ட் ஆனால் இரண்டு வருடம் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. ஆகாவிட்டால் ஜோலார்பேட்டை ரயில்வே மாப்பிள்ளையை மறுபேச்சில்லாமல் கட்டிக்கொள்வேன். (மாப்பிள்ளையின் போட்டோவைக்கூட நான் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை!)

ஆபீஸ் ஒரே கூடம். பிளைவுட் தடுப்பு வைத்து ஆறு அறையாக்கியிருந்தார்கள். அறை என்று சொன்னால் அதிகம், பெட்டி. சாம்பல் பெயின்ட், ஒரு மேஜை, ஒரு குனிந்த தலை. தோல் வாடை மட்டும் ஆறு பேருக்கும் சமமாகக் கிடைத்தது.

ஆறாவது மாதத்தின் கடைசி நாள். என் ஆர்டரில் சாயங்காலம் கையெழுத்துப் போடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மத்தியானம் வேலையில்லை. இந்த அலுப்பையே படமாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. நட்சத்திரக் குறிகளை நெருக்கி அடித்து ஒரு பெட்டி, அதற்குள் ஒரு குனிந்த தலை. அதையே ஆறு முறை போடு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். எங்கள் ஆபீஸைக் கட்டியவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

பிரின்டர் கர்கர் என்று அடித்துத் தள்ளியது. சோகத்துக்கு இவ்வளவு கறுப்பு மை தேவைப்படும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

டைப்பிஸ்ட் கிரேஸ் அக்கா எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எது?"

"ரெண்டாவது பெட்டிக்கா."

"இன்னாடி இது, என் தலையில பூ எங்க?"

பூ வைத்து மறுபடி அடித்தேன். டெஸ்பாட்ச் காதர் பாய் வந்தார். "தொப்பி இல்லாம என் வீட்லயே நம்ப மாட்டாங்க. தாடியும் போடும்மா, கொஞ்சம் ஜாஸ்தியாவே போடு!" மறுபடி அடித்தேன். ஸ்டோர்ஸ் முனுசாமி கையில் டீ கிளாஸ் கேட்டார். கடைசியில் படத்தில் சோகம் போய்க் கல்யாணக் களை வந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோக ஆளுக்கு ஒரு காப்பி வேறு.

அப்போதுதான் காதர் பாய் ஓடி வந்தார். "லாரி கேட்ல நிக்குது. ஹார்பருக்குப் போவணும். பேக்கிங் லிஸ்ட் குடும்மா!"

பிரின்ட் கொடுத்தேன். காகிதம் உள்ளே போனது போலவே வெள்ளையாக வெளியே வந்தது. ரிப்பனில் மை தீர்ந்திருந்தது. புது ரிப்பன் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிரேஸ் அக்கா பழைய டைப்ரைட்டரின் உறையைக் கழற்றி உட்கார்ந்தார். லாரிக்காரர் ஹாரன் அடிக்க அடிக்க, அக்கா பக்கம் பக்கமாக அடித்து முடித்தார்.

லாரி போனதும் மேனேஜர் படத்தோடு வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டி பெட்டியாகத் தேடினார்.

"இதுல நான் எங்கம்மா?"

அவருக்குக் கூடத்துக்கு வெளியே தனி ரூம், ஜன்னல், ஃபேன். நான் வரைந்த அலுப்பில் அவருக்கு இடமே இல்லை. அதைப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"இது வேலை செய்றவங்க படம் சார்."

தற்காலிகம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. அந்த ஆர்டரையும் கிரேஸ் அக்காதான் அடித்தார். ஒரு பிழைகூட இல்லை. அப்பா அதை இரண்டு முறை படித்தார். "ஞாயித்துக்கிழமை ஜோலார்பேட்டைலேர்ந்து வர்றாங்க" என்றார். (மூன்று மாதம் கழித்து பர்மனென்ட் ஆனேன், கழுத்தில் தாலியோடு.)

அந்தப் படம் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரர், "இதுதாங்க எங்க கல்யாணப் பத்திரிகை" என்று காட்டுவார். கல்யாணமான புதிதில் இவரும் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க?" என்று கேட்டார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. பேனாவை எடுத்து ஏழாவது பெட்டி போட்டேன்.